வளையம் இல்லை என்பது பாதிப் பொய்

"மச்சான், நம்மட ஊர்ல பாஸ்கட்போல் எங்க விளையாடுற? வளையம் எங்க இரிக்கி?"

கல்முனைக்குடியில் பத்து வருசமா நான் கேட்டுக்கொண்டிருக்கிற வசனம் இது. நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருக்கிறேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த வசனத்தில் பாதி பொய். மற்றப் பாதி உண்மை. ஆனால் அந்த உண்மையால் அடிபடுகிறவர்கள் இந்த வசனத்தைச் சொல்லித் திரிகிற ஆம்பிளப் பொடியன்மார் இல்லை.

முதலில் பொய்யைப் பார்ப்போம்.

வளையம் உள்ள இடமே இல்லாமல் இல்லை. பக்கத்து ஊர்களையும் சேர்த்தால் பலகையோடு நிற்கிற கம்பங்கள் உண்டு. அங்கே அஸர் தொழுதுவிட்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள். இருபது பேர், ஒரு பந்து. எல்லாரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். அந்தக் கோடு வளையத்தின் நடுவிலிருந்து 6.75 மீற்றர். ஒருத்தன் எறிவான், பந்து பலகையின் ஓரத்தில் பட்டு வேலிப் பக்கம் ஓடும், இன்னொருத்தன் துரத்துவான். நாலு தரத்தில் ஒரு தரம் விழுந்தால் "கறீ!" என்று ஒரு சத்தம். மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் கலைந்து பிளேன்டீ குடிக்கப் போவார்கள். கேட்டால் "பிரக்டிஸ் முடிச்சிட்டு வாறம்" என்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் எறிந்து, இன்னொருவர் எடுத்துக் கொடுத்தால் ஒரு எறிக்கு ஆறு விநாடி போகும். நிமிடத்துக்குப் பத்து. ஒரு மணித்தியாலம் ஒரு விநாடியும் வீணாகாமல் எறிந்தாலும் 600 எறி. இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 30. அதுவும் பந்து வேலிக்கு ஓடாமல் இருந்தால். அந்த முப்பதையும் கை எட்டாத தூரத்தில் நின்று எறிந்தால் உடம்பு எதைப் படிக்கும்? பிழையை மட்டும்தான். பிழையை முப்பது தரம் செய்து பழகுவதற்கு நாங்கள் பிரக்டிஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதே இடத்தில் இரண்டே பேர் ஒரு பந்தோடு வளையத்துக்குக் கீழே அரை மணித்தியாலம் நின்றால் ஆளுக்கு 150 எறி கிடைக்கும். ஆனால் யாரும் நிற்க மாட்டார்கள். கிட்ட நின்று போடுவது "சின்னப் புள்ளட வேல". தூரத்தில் நின்று எறிந்தால்தான் போனில் வீடியோ எடுக்கலாம்.

தூரத்தில் நின்று எறிவதில் என்ன குற்றம் என்று கேட்கிறவர்களுக்கு ஓ/எல் கணிதம் போதும். வளையத்தின் உள் விட்டம் 45 சென்ரிமீற்றர். ஆண்கள் விளையாடும் ஏழாம் நம்பர் பந்தின் விட்டம் சுமார் 24. நேர் மேலே இருந்து விழுந்தால் பந்துக்கு முழு 45 உம் திறந்திருக்கும். சரிவாக வந்தால் வளையம் பந்துக்கு முட்டை போல ஒடுங்கித் தெரியும். 45 பாகையில் வந்தால் அந்த வாய் ஏறத்தாழ 32 சென்ரிமீற்றர். 30 பாகையில் வந்தால் 22.5. இருபத்திநாலு சென்ரிமீற்றர் பந்து இருபத்திரண்டரைக்குள் எப்படிப் போகும்? கம்பியில் படாமல் போகவே போகாது. கிட்டத்தட்ட 32 பாகைக்குக் கீழே வருகிற எந்தப் பந்தும் அப்படித்தான். பலம் காணாத பொடியன் ஏழு மீற்றரிலிருந்து எறியும்போது என்ன செய்வான்? தோளிலிருந்து தள்ளுவான், பந்து கல்லெறி மாதிரித் தட்டையாகப் போகும். அவன் குறி பார்த்தது சரியாகவே இருக்கலாம், வாசல்தான் பூட்டிக் கிடக்கிறது.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு இது தெரியும். 1891 இல் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக் கூடையை உள்ளரங்கின் மேல்மாடக் கைப்பிடியில் ஆணியடித்து வைத்தபோது, கனடாவில் சின்ன வயதில் விளையாடிய ஒரு கல் விளையாட்டுத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. பாறை மேலே வைத்த கல்லைக் கல்லால் எறிந்து விழுத்த வேண்டும். வேகமாக எறிந்தவன் தவறவிட்டால் கல் எங்கேயோ போய்விடும், எடுக்க ஓடுவதற்குள் பிடிபடுவான். வளைத்து, மெதுவாகத் தூக்கிப் போட்டவன் தப்பிப்பான். கூடையை உயரத்தில் வைத்ததே வேகத்தைக் கொன்று வளைவைக் கொண்டுவரத்தான். நம்மட பொடியன்மார் 130 வருசத்துக்குப் பிறகு வேகத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள், மாஷா அல்லாஹ்.

அப்ப என்ன செய்வது?

வளையத்திலிருந்து ஒரு மீற்றர். அவ்வளவுதான். நேர் முன்னால் நில்லுங்கள். கால் தோள் அகலம், முழங்கால் கொஞ்சம் மடிய. பந்து ஒரு கையில், விரல் நுனிகளில், உள்ளங்கையில் ஒட்டாமல். மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். முழங்கை வளையத்தைப் பார்க்கட்டும். நிமிர்ந்தபடியே கையை மேலே நீட்டி, மணிக்கட்டை முன்னால் மடித்து விடுங்கள். கடைசியாகப் பந்தை விடுவது சுட்டு விரலும் நடு விரலும். பந்து பின்பக்கமாகச் சுழன்று போக வேண்டும். விட்ட கை பந்து விழும்வரை அப்படியே மேலே நிற்க வேண்டும், குடத்துக்குள் கை விட்டு எடுக்கிற மாதிரி. கண் வளையத்தில். பந்தைப் பார்க்காதீர்கள், அது எங்கேயும் ஓடிவிடாது. ஜோன் விக்கர்ஸ் என்ற கனடா ஆய்வாளர் 1996 இல் வெளியிட்ட ஆய்வில் கண்டதும் இதுதான்: நன்றாகப் போடுகிறவர்களின் கண் எறிவதற்கு முன்பு வளையத்தில் நீண்ட நேரம் அசையாமல் நிற்கிறது, மற்றவர்களின் கண் அலைகிறது.

கம்பியில் படாமல் இருபத்தைந்து. பட்டு விழுந்தால் கணக்கில் இல்லை. இதை முடிக்காமல் அரை அடியும் பின்னால் போகக் கூடாது. முடிந்ததும் இரண்டாவது கையைப் பக்கத்தில் வைத்து, சும்மா தாங்க மட்டும் விட்டு, அதே இருபத்தைந்து. பிறகு ஒரு அடி பின்னால். பந்து தட்டையாகப் போகத் தொடங்கிய இடத்தில் நில்லுங்கள். இன்றைக்கு உங்கட எல்லை அதுதான். அது மூன்று மீற்றராக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதுத் தம்பிமாருக்கு ஏழாம் நம்பர் பந்தைக் கொடுக்கிறவர்கள்தான் வெட்கப்பட வேணும். அந்தக் கைக்கு ஐந்தாம் நம்பர் பந்து.

"இது போர் அடிக்கும் காக்கா" என்று சொல்வீர்கள். அடிக்கும். ஸ்டீபன் கறீயின் படத்தை போனில் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அவரிடம் கேளுங்கள். பாடசாலையில் படிக்கும்போது அவர் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கி எறிகிறவர். வாப்பா டெல் கறீ தானும் என்பிஏ ஆட்டக்காரர். "இப்படி எறிந்தால் பெரிய ஆட்களுக்கு எதிரே உன் பந்து மேலே போகாது" என்று சொல்லி ஒரு கோடை விடுமுறை முழுக்க மகனுடைய எறியைக் கழற்றிப் பூட்டினார். அந்த விடுமுறையில் வளையத்துக்குக் கிட்ட தவிர வேறெங்கிருந்தும் தன்னால் போட முடியவில்லை என்று கறீ பின்னர் சொல்லியிருக்கிறார். நீங்கள் வீடியோவில் பார்க்கிற பத்து மீற்றர் எறிக்குக் கீழே அந்த விடுமுறை புதைந்து கிடக்கிறது. நீங்கள் கூரையிலிருந்து வீடு கட்டப் பார்க்கிறீர்கள்.

கறீயை விட எனக்குப் பிடித்த ஆள் இன்னொருத்தர். மஹ்மூத் அப்துர் ரவூஃப். மிசிசிப்பி மாநிலத்து கல்ஃப்போர்ட்டில் வறுமையில் பிறந்தவர், அப்போது பெயர் கிறிஸ் ஜாக்சன். 1991 இல் இஸ்லாத்தைத் தழுவினார். அவருக்கு டூரெட் என்ற நரம்பு நோய், உடம்பு தானாகத் துடிக்கும். ஒரு செயல் மனதுக்குச் "சரி" என்று படும்வரை திருப்பித் திருப்பிச் செய்ய வைக்கும். பந்து கம்பியில் படாமல் வலையில் மட்டும் உரசுகிற சத்தம் சரியாகக் கேட்கும்வரை மைதானத்தை விட்டு அவரால் வர முடியாது. 1993-94 பருவத்தில் டென்வர் அணிக்காக 229 தண்ட எறி எறிந்தார், 219 உள்ளே. வருசம் முழுக்கத் தவறியது பத்து. இத்தனைக்கும் என்பிஏயின் மொத்தச் சராசரி பல பத்தாண்டுகளாக 75 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஆட்கள் நாலில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். உயரம் இல்லை என்கிறவர்களுக்கும் ஒரு தகவல்: அவர் ஆறடி ஒரு அங்குலம்தான்.

அவரிடமிருந்து நோயை அல்ல, எண்ணுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிஆர் கொப்பி. திகதி, இடம், ஐம்பதுக்கு எத்தனை. "இண்டைக்கு நல்லாப் போச்சு மச்சான்" என்பது பயிற்சிக் குறிப்பு இல்லை. 50 க்கு 22 என்பதுதான் குறிப்பு. எங்கள் அணிகளில் எத்தனை பேருக்குத் தங்களுடைய தண்ட எறி வீதம் தெரியும்? ஜேர்சிக்குப் பின்னால் எந்த நம்பர் அடிப்பது என்று ஒரு கிழமை வாட்ஸ்அப்பில் சண்டை பிடிக்கத் தெரியும்.

ஒரே இடத்தில் நின்று ஐம்பது போட்டுவிட்டு ஆட்டம் வந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். கெர், பூத் என்ற இரண்டு பேர் 1978 இல் ஒரு ஆய்வு செய்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளில் ஒரு கூட்டத்தை மூன்று அடித் தூரத்துக்கு மட்டும் சின்னப் பையை எறிந்து பழக விட்டார்கள். மற்றக் கூட்டம் இரண்டு அடிக்கும் நாலு அடிக்கும் மாறி மாறி. கடைசியில் மூன்று அடியில் சோதனை. மூன்று அடியில் எறிந்தே பார்த்திராத கூட்டம்தான் நன்றாக எறிந்தது. உருப்படியான எறி கைக்கு வந்த பிறகு இடத்தை மாற்றுங்கள். ஒரு இடத்தில் இரண்டே எறி, அடுத்த இடத்துக்கு ஓட்டம், அங்கே இரண்டு. மூச்சு வாங்கும்போது தண்டக் கோட்டுக்கு வந்து இரண்டு. ஆட்டத்தில் யாரும் உங்களுக்கு ஒரே இடத்தில் ஐம்பது பந்து தரப்போவதில்லை, இரண்டுதான் கிடைக்கும், அதுவும் இளைக்க இளைக்க. மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்ட் ஓட விட்டு அதைப் பயிற்சி என்று சொல்கிற கோச்மாருக்கும் இது பொருந்தும். ஓட விடுங்கள், ஓட்டத்தின் நுனியில் ஒரு பந்தையும் வையுங்கள்.

வளையமே இல்லாவிட்டால்? வீட்டில் பாயில் மல்லாந்து படுத்து பந்தை மேலே விடலாம். நேராகப் போய்த் திரும்ப உங்கள் கைக்கே வந்தால் உங்கள் முழங்கை சரி. மூக்கில் விழுந்தால் பிழை, உடனே தெரிந்துவிடும். மதிலில் 3.05 மீற்றர் உயரத்தில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு அதற்கு மேலே வளைத்து எறியலாம். கடற்கரை மணலில் பந்து எழும்பாது, உண்மை, அதனால் பந்தைத் தட்டி ஓட முடியாது. ஆனால் எறிவதற்குப் பந்து எழும்பத் தேவையே இல்லை. வெல்டிங் கடையில் ஒன்றரை மீற்றர் கம்பியைக் கொடுத்து 45 சென்ரிமீற்றர் வட்டமாக வளைத்துத் தரச் சொல்லுங்கள், சுற்றளவு 141 சென்ரிமீற்றர்தான் வரும், மிச்சம் ஓட்டிப் பிடிக்கக் காணும். தென்னையில் கட்டுங்கள். கச்சான் அடிக்கிற மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு பந்தைக் காற்று தள்ளும், சுபஹுக்குப் பிறகு போங்கள். ஒரு சுற்றுப்போட்டிக்கு அடிக்கிற ஜேர்சிக் காசில் ஊர் முழுக்கத் தென்னைக்குத் தென்னை வளையம் கட்டலாம்.

இது வரைக்கும் பொய்யின் பாதி. இனி உண்மை.

என்ட ராத்தாட மகள் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். பாடசாலை வலைப்பந்து அணியில் ஷூட்டர். வலைப்பந்து வளையமும் அதே 3.05 மீற்றர் உயரம்தான், ஆனால் விட்டம் 38 சென்ரிமீற்றர், பின்னால் பலகையும் கிடையாது. தட்டிப் போடுவது, பட்டுப் போடுவது ஒன்றும் இல்லை. பந்து கைக்கு வந்தால் மூன்று விநாடிக்குள் விட வேண்டும். கூடைப்பந்துப் பொடியன்மார் "கேர்ள்ஸ் கேம்" என்று சிரிக்கிற விளையாட்டு, எறிவதைப் பொறுத்தவரை அவர்களுடையதை விடக் கஷ்டம்.

மேலே எழுதின எல்லாவற்றையும் நான் செய்து பார்த்தது அவளோடுதான். மதிலுக்குள்ளே ஒரு குழாயை நட்டு, வளையம் ஒட்டி, கொப்பி வைத்து எண்ணினோம். முதல் நாள் ஐம்பதுக்கு 14. மூன்று மாதம் போக 33. அந்த 33 ஐ எழுதின அன்றைக்கு "மாமா, நாப்பது வந்தா என்ன தருவீங்க?" என்று கேட்டாள். அடுத்த கிழமை அணியிலிருந்து நிப்பாட்டிவிட்டார்கள். வீட்டில் அல்ல. "வயசுக்கு வந்த புள்ள, ரோட்டுல போறாக்களுக்கெல்லாம் தெரியிற மாதிரி குதிக்கிறது சரியில்ல" என்று யாரோ பெரிய மனிசர் போய்ச் சொன்னாராம். சொன்னவருடைய மகன் அதே ரோட்டுப் பக்கத்தில் அரைக் காற்சட்டையோடு கிரிக்கெட் விளையாடுகிறான்.

மார்க்கம் என்று சொல்வார்கள். முக்காடும் முழு உடுப்பும் போட்டுத்தான் அவள் விளையாடினாள். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் வெகு காலம் முக்காட்டைத் தடை செய்திருந்தது. பில்கிஸ் அப்துல் காதிர் என்ற அமெரிக்கப் பெண் மசாசூசெட்ஸில் பாடசாலைக் காலத்தில் மூவாயிரத்துக்கு மேல் புள்ளி எடுத்து, ரெபேக்கா லோபோவின் மாநிலச் சாதனையை முறியடித்தவர். பல்கலைக்கழகம் முடித்து வெளிநாட்டில் தொழில்முறையாக ஆடப் போகும்போது அந்தத் தடையில் முட்டி நின்றார். முக்காட்டைக் கழற்றவில்லை, ஆட்டத்தை விட்டார். அவரைப் போன்றவர்கள் வருசக்கணக்காகப் போராடி 2017 இல் தடை நீங்கியது. உலகச் சட்டம் எங்கள் பிள்ளைகளுக்காக மாறிவிட்டது. கல்முனைக்குடி மாறவில்லை. வெள்ளைக்காரன் முக்காட்டோடு விளையாட விடவில்லை என்று பேஸ்புக்கில் கொதித்த அதே ஆட்கள்தான் முக்காட்டோடு விளையாடுகிற பிள்ளையை இங்கே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

தர்ஜினி சிவலிங்கத்தைத் தெரியுமா? யாழ்ப்பாணத்து ஏவினையைச் சேர்ந்தவர். இலங்கை வலைப்பந்து அணி 2009, 2018, 2022 என மூன்று தடவை ஆசியச் சம்பியனாகும்போது வளையத்துக்குக் கீழே நின்றவர். 2018 இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை அவர்களுடைய சொந்த ஊரிலேயே 69 க்கு 50 என்று அடித்தார்கள். இந்த நாட்டில் பந்தை வளையத்துக்குள் போட யாரிடமாவது படிக்க வேண்டும் என்றால் அது ஒரு தமிழ்ப் பெண்ணிடம்தான். உடனே சொல்வார்கள், "அவ உயரம் மச்சான்". ஓம், 208 சென்ரிமீற்றர். உயரம் பந்தை அவர் கைக்குக் கொண்டுவரும். கையிலிருந்து 38 சென்ரிமீற்றருக்குள் அனுப்புவது உயரம் இல்லை, மணிக்கட்டு. ஊரில் உயரமான ஆட்கள் நிறையப் பேர் கல்யாண வீட்டில் பந்தல் கட்ட மட்டும்தான் பயன்படுகிறார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. "பாஸ்கட்போல் மிஷன் பள்ளிக்கூடத்து விளையாட்டு, நமக்கு ஒத்து வராது." நாற்பது கிலோமீற்றர் வடக்கே மட்டக்களப்பு. 1873 இல் தொடங்கிய புனித மைக்கேல் கல்லூரி. அமெரிக்க இயேசு சபைக் குருமார் அங்கே கூடைப்பந்தை வளர்த்தார்கள், பிறகு அது அந்த ஊரின் விளையாட்டாகிவிட்டது. அதில் ஒருவர் லூசியானாவிலிருந்து வந்த யூஜின் ஹேபேர்ட் அடிகளார், மைக்கேல் அணியின் பயிற்றுநர். 1990 ஓகஸ்ட் 15 இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவரும் கூடச் சென்ற இளைஞரும் காணாமல் போனார்கள். இன்று வரை இல்லை. அது எந்த மாதம் என்று எங்கள் வாப்பா, உம்மாமாருக்குச் சொல்லத் தேவையில்லை. 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். 11 இரவு ஏறாவூர். அந்த மாதத்துக்குப் பிறகு இந்தக் கரையில் எல்லாவற்றுக்கும் கோடு விழுந்தது: உங்கட சந்தை, எங்கட சந்தை, உங்கட மைதானம், எங்கட மைதானம். ஒரு பந்துக்கும் கோடு போட்டுவிட்டு அதை மார்க்கத்தின் பெயரிலும் ஊர்வழக்கத்தின் பெயரிலும் சொல்லித் திரிகிறோம். 1995 பெப்ரவரியில் நோன்பு வைத்துக்கொண்டே என்பிஏயில் ஆடி, அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரரான ஹக்கீம் ஒலாஜுவனிடம் போய் இது யாருடைய விளையாட்டு என்று கேட்க வேண்டும்.

நான் இதை எழுதப்போவதாகச் சொன்னபோது ஒரு நண்பர் யோசனை சொன்னார்: "நீயே சொல்றாய்தானே மதிலுக்குள்ள எறிஞ்சு பழகலாமெண்டு. அப்ப பொம்புளப் புள்ளயள் வீட்டுக்குள்ளயே பழகட்டுமே."

இல்லை மச்சான். எறியை மதிலுக்குள்ளே படிக்கலாம். ஆட்டத்தைப் படிக்க முடியாது. வலைப்பந்துக்கு ஒரு பக்கம் ஏழு பேர், எதிரே ஏழு பேர். ஷூட்டருக்குப் பந்து வருவது இன்னொருத்தி ஓடிப் பிடித்து எறிவதால். எதிராளி மூன்றடி தள்ளி நின்று கையை உயர்த்தும்போது வளைத்துப் போடுவதை மதில் கற்றுத் தராது. மருமகளுடைய கொப்பியில் இப்போதும் எண் ஏறுகிறது, நேற்று 38. அதை ஒரு ஆட்டத்தில் போட அவளுக்கு இடமில்லை. "வளையம் இல்லை" என்று சொல்ல இந்த ஊரில் உரிமை உள்ளவள் அவள்தான், அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஊரில் மைதானம் கேட்டு மகஜர் எழுதுகிற கழகங்கள் நிறைய. அடுத்த மகஜரில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: கிழமையில் இரண்டு நாள், பின்னேரம் நாலிலிருந்து மஃரிப் வரை, வளையமுள்ள இடம் பெண் பிள்ளைகளுக்கு, பெண் பயிற்றுநரோடு, தேவையென்றால் சுற்றிவரத் தகரம் அடித்து. தகரக் காசுக்கு ஒரு சுற்றுப்போட்டியின் ஜேர்சியை விடலாம். மூன்று கழகங்களிடம் கேட்டேன். ஒன்று "பாப்பம்" என்றது. ஒன்று சிரித்தது. மூன்றாவது கழகத்துத் தலைவர் மட்டும் தகரம் எத்தனை வேண்டும் என்று கேட்டார். அளந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.